ஐந்தேகால் வண்டிச் செய்தி

ஒரு காலத்தில் புதுக்கோட்டைச் சீமையில் சடுகுடுப் பந்தயத்தில் தகராறு வந்தால் யாரும் நடுவரைக் கேட்க மாட்டார்கள். நாளைக்கு ஆத்மநாதன் என்ன போடுகிறார் என்று பார்ப்போம் எனச் சொல்லி, இரண்டு கட்சியும் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கலைந்துவிடும். மறுநாள் திருச்சிப் பத்திரிகையின் மூன்றாம் பக்கத்து அடியில் நாலு வரி வரும். அதற்குமேல் பேச்சுக் கிடையாது. அப்படி இருந்த மனிதர் பின்னாளில் வெளியே மழை தூறுகிறது என்று சொன்னால்கூட, எதிரே நிற்பவர் கையை நீட்டிப் பார்த்துக்கொண்டார். இடையில் என்ன நடந்தது என்பதைத்தான் சொல்ல வருகிறேன்.

ஆத்மநாதன் வல்லத்திராக்கோட்டைக்காரர். குடும்பத்துக்கு வயல் உண்டு, அதில் இறங்க மூன்று அண்ணன்மார் உண்டு. இவருக்கு மூன்று வயதில் வந்த காய்ச்சல் இடது காலைச் சூம்ப வைத்துவிட்டுப் போனது. வரப்பில் நடக்கவே கோல் வேண்டும் என்கிறபோது பிள்ளைகளோடு ஓடி விளையாடுவதெல்லாம் எங்கே? கோட்டுக்கு வெளியே உட்கார்ந்து பார்ப்பார். ஓட முடியாதவன் ஓடுகிறவனைப் பார்ப்பதுபோல வேறு யாரும் பார்ப்பதில்லை. எவன் எந்தக் காலை முதலில் எடுத்து வைத்தான், எவன் மூச்சு எங்கே உடைந்தது என்று அவர் மாதம் ஒன்று கழித்தும் சொல்வார்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானம் போய்ப் புதுக்கோட்டை திருச்சி ஜில்லாவோடு சேர்ந்தது. பள்ளிப் படிப்பை முடித்திருந்த ஆத்மநாதனுக்கு அரண்மனைக் கச்சேரியில் குமாஸ்தா வேலை கிடைக்கும் என்று வீட்டார் நம்பியிருந்தார்கள். கச்சேரியே போன பிறகு வேலைக்கு எங்கே போவது? கடைசியில் ஒரு பஸ் கம்பெனியில் டிக்கெட் புக்கிங் கிளார்க் ஆனார். ஒரு கால்பந்துப் போட்டியைப் பற்றி எழுதித் தன் பஸ்ஸிலேயே கண்டக்டரிடம் கொடுத்துத் திருச்சிப் பத்திரிகைக்கு அனுப்பினார். அது அச்சாகி வந்தது. அடுத்ததும் வந்தது. ஆறு மாதத்தில் "நமது நிருபர்" என்று போட்டோ ஒட்டிய அட்டை ஒன்று தபாலில் வந்தது. அந்த அட்டையை அவர் சட்டைப் பையில், நெஞ்சுப் பக்கமாகத்தான் வைத்திருப்பார்.

அவர் பெயர் ஊன்றியது ஐம்பத்திரண்டு மாசி மஞ்சுவிரட்டில். ஊர்ப் பெரிய தலையான சோலையப்ப அம்பலத்தின் செவலைக் காளையை அதுவரை ஒருவனும் தொட்டதில்லை. அன்றைக்குச் சந்தைப்பேட்டையில் மூட்டை தூக்குகிற ராக்கன் என்கிற இருபது வயதுப் பயல் அதன் திமிலைக் கட்டிக்கொண்டான். மூன்று துள்ளல் தாங்கினால் மாடு பிடிபட்டது என்பது கணக்கு. ராக்கன் மூன்றும் தாங்கி, நாலாவதில்தான் புழுதியில் விழுந்தான். இரண்டாவது துள்ளலிலேயே கை வழுக்கிவிட்டது என்று அம்பலத்தின் ஆட்கள் கூச்சல் போட்டார்கள். புழுதியில் பலருக்கும் சரியாகத் தெரியவில்லை. பார்த்தவர்களோ அம்பலத்தின் முகத்தையும் பார்த்தார்கள், வாயைத் திறக்கவில்லை. அன்று மாலை டிக்கெட் ஜன்னலுக்கு அம்பலத்தின் ஆள் ஒருவன் வந்து, அய்யா தன் பெயர் கெடாமல் பார்த்து எழுதச் சொன்னார் என்று தணிந்த குரலில் சொல்லிவிட்டுப் போனான். ஆத்மநாதன் பார்த்ததைத்தான் எழுதினார். மூன்று துள்ளல், பிடித்தவர் ராக்கன், நாலே வரி.

அம்பலம் ஒரு மாதம் முறுக்கிக்கொண்டு இருந்தார். பிறகு, நொண்டி எழுதிவிட்டான், இனி என்ன செய்ய என்று சிரித்து ராக்கனுக்கு ஒரு வேட்டியும் கொடுத்தார். ராக்கனுக்கு எழுத்து வாசனை கிடையாது. ஆனாலும் அந்தப் பத்திரிகைத் துண்டைக் கத்தரித்துக் கண்ணாடிச் சட்டம் போட்டு வீட்டில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டினான். அடுத்த வருஷம் அவனுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த செவந்தி வெள்ளிக்கிழமை தோறும் சாமிக்கு வைக்கிற பூவில் ஒன்றை அதற்கும் வைத்தாள். அவளுக்கும் படிக்கத் தெரியாது. பேப்பரில் ஏறியது பொய்யாகாது என்பது மட்டும் தெரியும்.

இப்படிப் போய்க்கொண்டிருந்தபோதுதான் ஐம்பத்தாறில் காண்ட்ராக்டர் ரெங்கசாமி வந்து இறங்கினான். மதுரைப் பக்கத்தான். சந்தைத் திடலில் கூடாரம் அடித்து, தகர டிரம்களின்மேல் பலகை பரப்பி, பலகைமேல் முழங்கால் உயரம் வைக்கோல் போட்டு, அதன்மேல் தார்ப்பாயை இழுத்துக் கட்டிக் கோதா அமைத்தான். ஞாயிறு தோறும் மாலை ஆறு மணிக்குக் குஸ்தி. ஜட்காவில் தமுக்கு அடித்து நோட்டீஸ் வீசினார்கள். பர்மா பீமன், இரும்புக்கை மாயாண்டி என்று ஊர் உலகத்தில் இல்லாத பெயர்கள். காளை பிடித்தவன் என்று கேள்விப்பட்டு ராக்கனையும் இழுத்துப் போட்டு அவனுக்குப் "பினாங்குப் புலி" என்று பெயர் வைத்தான். பினாங்கு எந்தத் திக்கில் இருக்கிறது என்பது புலிக்குத் தெரியாது. கட்டுமாவடிக்குக் கருவாடு ஏற்றப் போனபோது கடலைத் தூர இருந்து பார்த்தவன், அவ்வளவுதான்.

யார் ஜெயிப்பது, யார் தோற்பது எல்லாம் முன்கூட்டியே பேசி வைத்ததுதான். காலையில் கூடாரத்துக்குள் ஒத்திகை நடக்கும். ஆத்மநாதன் போய் உட்கார்ந்து பார்ப்பார். ராக்கன் கயிற்றின்மேல் ஏறித் தலைகுப்புற விழுவான். பார்க்கிறவர்களுக்கு ஈரக்குலை நடுங்கும். மறுநிமிஷம் எழுந்து வைக்கோலைத் தட்டிக்கொண்டு சிரிப்பான். "அடிக்கிறது யாரு வேணும்னாலும் அடிக்கலாம்ணே, விழுகுறதுதான் வித்தை" என்பான். ஆத்மநாதனுக்கு அது மெத்தப் பிடித்திருந்தது. சூம்பிய காலோடு வாழ்கிற மனிதருக்கு, விழுந்தவன் ஒவ்வொரு தடவையும் எழுந்திருக்கிற ஆட்டம் பிடிக்காமல் போகுமா?

முதல் இரண்டு வாரம் சண்டையைப் பார்த்துவிட்டுத்தான் எழுதினார். அங்கேதான் சிக்கல். வெளியூர்ப் பக்கங்களைப் பத்திரிகையில் எட்டு மணிக்கு முடித்துவிடுவார்கள். அதற்குள் போய்ச் சேர வேண்டுமானால் செய்திக் கவர் மாலை ஐந்தேகால் வண்டியில் ஏற வேண்டும். சண்டை தொடங்குவதோ ஆறு மணிக்கு. ஞாயிற்றுக்கிழமைச் சண்டை செவ்வாய்க்கிழமை பேப்பரில் வந்தால் யார் படிப்பார்கள்? ரெங்கசாமி பத்திரிகைக்கு விளம்பரம் கொடுக்கிறவன், முறையிட்டான். குஸ்திச் செய்தி மறுநாளே வேண்டும் என்று ஆபீசிலிருந்து ஆத்மநாதனுக்குக் கார்டு வந்தது. ரெங்கசாமி டிக்கெட் ஜன்னலில் கையூன்றி நின்று, இதிலென்ன சார் கஷ்டம், முடிவு எனக்கு மத்தியானமே தெரியும், சீட்டில் எழுதி அனுப்புகிறேன், நீங்கள் விஸ்தாரமாக எழுதி ஐந்தேகால் வண்டியில் ஏற்றிவிடுங்கள் என்றான்.

ஆத்மநாதன் இரண்டு நாள் யோசித்தார். கால்பந்தில் அப்படிச் செய்ய முடியுமா என்று தன்னையே கேட்டுக்கொண்டார். முடியாது, அதில் முடிவு பந்துக்கே தெரியாது. இதில் தெரிந்ததுதானே நடக்கப் போகிறது? நடக்கப் போவதை எழுதினால் அது பொய்யா? மனம் ஒரு காரியத்துக்கு ஆசைப்பட்டுவிட்டால் அதற்கு வக்கீலும் அதுவே. யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். புதுக்கோட்டையில் செய்தி முன்னே போனது, சண்டை பின்னே நடந்தது.

அவருக்கு ஒரு சிநேகிதர் உண்டு, ஆவூர்ப் பக்கத்து டிரில் மாஸ்டர் சூசைமாணிக்கம். கால்பந்துப் போட்டிகளில் பழக்கம். விஷயம் தெரிந்ததும் அவர் முகம் சுருங்கியது. குஸ்தியைப் பற்றி எழுதுவதில் ஒரு குற்றமும் இல்லை, அதுவும் உடம்பை வருத்திச் செய்கிற வேலைதான் என்றார். "ஆனா வேடிக்கைன்னு சொல்லி எழுதுங்க. நடந்ததுன்னு சொல்லி எழுதாதீங்க. அதுல முடிவுதான் பொய்யி, விழுகுறது நெசம்" என்றார். ஆத்மநாதன் சிரித்து மழுப்பிவிட்டார்.

இரண்டு வருஷம் இது ஜாம் ஜாமென்று நடந்தது. நாலு வரி எழுதிக்கொண்டிருந்தவர் குஸ்திக்கு நாற்பது வரி எழுதினார். "கூட்டம் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றது" என்று அவர் எழுதும்போது கூட்டம் இன்னும் வீட்டில் தலை சீவிக்கொண்டிருக்கும். ஒரு வாரம் பினாங்குப் புலி மூர்ச்சையாகித் தூக்கிச் செல்லப்பட்டார் என்று எழுதினார். அதைத் தெருவில் யாரோ உரக்கப் படிக்கக் கேட்ட செவந்தி, வயல் வேலைக்குப் போனவள், தலையிலும் வயிற்றிலும் அடித்துக்கொண்டு வீட்டுக்கு ஓடி வந்தாள். ராக்கன் உட்கார்ந்து பழைய சோறு சாப்பிட்டுக்கொண்டிருந்தான். கண்ணால் பார்த்த பிறகும் அவளுக்கு நடுக்கம் நிற்க அரைநாள் ஆனதாம்.

மறுநாள் ராக்கன் டிக்கெட் ஜன்னலுக்கு வந்தான். "அண்ணே, இனிமே தூக்கிட்டுப் போனாங்கன்னு போட்டா, பொறகு தெளிஞ்சு நடந்து வீட்டுக்குப் போனான்னும் ஒரு வரி போட்டுருங்கண்ணே. அவ பேப்பர்ல வந்தா அப்படியே நம்பிருவா" என்று கூச்சத்தோடு சொன்னான். அதற்கென்ன, ஒரு வரிதானே என்றார் ஆத்மநாதன். அந்த ஒரு வரியை அவர் அன்பினால்தான் எழுதத் தொடங்கினார் என்பதை நான் யாரிடமும் சத்தியம் செய்து சொல்வேன். அன்பினால் எழுதினால் மட்டும் பொய் கடிக்காமல் விடுமா?

ஐம்பத்தெட்டு ஐப்பசி. மூன்று நாளாக அடைமழை. கோதாவில் போட்ட வைக்கோல் ஊறி நாற்றமெடுத்துவிட்டது. அள்ளி வெளியே கொட்டிவிட்டார்கள். சீமை முழுக்க மழை, காய்ந்த வைக்கோலுக்கு எங்கே போவது? ஞாயிற்றுக்கிழமை மதியம் வெயில் முகம் காட்டியதும் ரெங்கசாமி நாலு கோணியைப் பலகைமேல் விரித்துத் தார்ப்பாயை இழுத்துக் கட்டச் சொல்லிவிட்டான். பார்க்கிறவர்களுக்கு வித்தியாசம் தெரியாது. நாலு மணிக்கு ஆத்மநாதனுக்குச் சீட்டு வந்தது: ராக்கன் தோல்வி, தூக்கிச் செல்வது, அடுத்த வாரம் பழி வாங்கல். அவர் வழக்கம்போல விஸ்தாரமாக எழுதினார். கடைசியில், "அரை மணி நேரத்தில் தெளிந்து, ஒரு சோடா அருந்திவிட்டு, தம் காலாலேயே நடந்து வீடு திரும்பினார்" என்று முடித்துக் கவரை ஒட்டினார். ஐந்தேகால் வண்டி அதை ஏற்றிக்கொண்டு போனது.

ஆறு மணிக்குச் சண்டை. மூன்றாம் ரவுண்டில், எதிரே மோதிய மதுரைப் பயில்வான் ராக்கனைத் தலைக்குமேல் தூக்கிப் போட்டான். பலகையில் விழுந்த சத்தம் வழக்கமான சத்தமாக இல்லை. ஆத்மநாதனின் காது அதைக் கேட்டது. மனம்தான் கேட்கவில்லை. ராக்கனைத் தூக்கிக்கொண்டு போனார்கள். ஜனங்கள் கை தட்டினார்கள். ஒவ்வொரு வாரமும் யாரையாவது தூக்கிக்கொண்டுதானே போகிறார்கள்? ஆத்மநாதன் கோலை ஊன்றிக்கொண்டு படுதாவுக்குப் பின்னால் போனார். ராக்கன் மல்லாந்து கிடந்தான். படுதாக் கிழிசல் வழியாக வேடிக்கை பார்க்க நாலைந்து பேர் முண்டிக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணே, எங் காலு எங்கிட்டுக் கெடக்குன்னு தெரியலண்ணே" என்றான் ராக்கன்.

வேடிக்கை பார்க்கிறவர்களுக்காக விடாமல் நடிக்கிறான் என்று ஆத்மநாதன் நினைத்துவிட்டார். ஊரெல்லாம் மெய்யென்று நம்பிய ஆட்டத்தில் சூட்சுமம் தெரிந்த ஆள் அல்லவா அவர்? குனிந்து சிரித்து, நன்றாகச் செய்கிறாய் என்று அவன் தோளில் தட்டிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார். நிம்மதியாகத் தூங்கவும் செய்தார்.

திங்கட்கிழமை காலை மதுரை வண்டிக்கு முதல் டிக்கெட் கேட்டு ஜன்னலில் நின்றவன் அந்த எதிராளிதான். முகம் வெளுத்திருந்தது. வண்டியில் ஏற்றும்போதே ராக்கனுக்குப் பேச்சு நின்றுவிட்டதென்றும், காண்ட்ராக்டர் எங்கோ கொண்டுபோனார் என்றும், தன்னை ஊருக்குப் போய்விடச் சொன்னார் என்றும் முணுமுணுத்தான். ஆத்மநாதன் டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தார். அவனை நிறுத்த வேண்டும் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவில்லை. கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. மதுரை வண்டி போனது. திருச்சி வண்டி வந்து பத்திரிகைக் கட்டை இறக்கியது.

வெயில் ஏறும் நேரத்துக்குச் செவந்தி வந்தாள். சேலை முழங்கால் வரை சேறு. தேடி அலைந்திருக்கிறாள். கையில் அன்றைய பத்திரிகை மடித்து இருந்தது. டீக்கடையில் படித்துச் சொல்லியிருக்கிறார்கள். அவள் அழவில்லை. கோபப்படவும் இல்லை.

"அய்யா, நடந்து வீட்டுக்கு வந்தாருன்னு போட்டிருக்கீங்களாமே. அவரு வந்து சேரலீங்க. எந்தப் பாதையா வந்தாருன்னு மட்டும் சொல்லுங்க, நான் தேடிப் பாக்குறேன்" என்றாள்.

ஆத்மநாதன் பதில் சொல்வதற்கு முன்பே சந்தைப்பேட்டை ஆட்கள் இரண்டு பேர் ஓடி வந்து, கண்மாய் மடைக்குக் கீழே ராக்கன் கிடக்கிறான் என்றார்கள். சட்டையெல்லாம் சாராய வாடை என்றார்கள்.

மதுவிலக்குக் காலம். ஒருவன் சாராயம் குடித்துச் செத்தான் என்றால் சாவுக்கு மட்டும் அல்ல, வீட்டுக்கே அசிங்கம். எடுத்துப் போட நாலு பேர் தயங்குவார்கள். ராக்கன் வாயில் ஒரு சொட்டு வைத்ததில்லை என்று செவந்தி ஒவ்வொருவர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். ரெங்கசாமி பத்திரிகையை விரித்துக் காட்டினான். அவன்தான் நடந்து போயிருக்கிறானே, நான் என்ன செய்வேன், போகிற வழியில் குடித்துவிட்டு மடையிலிருந்து விழுந்திருக்கிறான் என்றான். கழுத்தெலும்பு முறிந்திருந்தது. அது பலகையில் விழுந்தாலும் முறியும், மடைக் கல்லில் விழுந்தாலும் முறியும். கூட்டத்தில் இருந்தவர்களைக் கேட்டால், தூக்கிப் போனார்கள், வாராவாரம் தூக்குவதுதான் என்றார்கள். அவள் கேட்டது ஒன்றே ஒன்று. தன் புருஷன் குடித்துச் சாகவில்லை, குஸ்தியில் விழுந்து செத்தான் என்று யாராவது சொல்ல வேண்டும்.

ஆத்மநாதன் சொல்வதென்று முடிவு செய்தார். விசாரணைக்கு வந்த அதிகாரி பங்களாவில் முகாம் போட்டிருந்தார். வாசலில் ஏகக் கூட்டம். உள்ளே சுவரோரம் தரையில் செவந்தி உட்கார்ந்திருந்தாள். அதிகாரி பத்திரிகையை நீட்டினார்.

"இது நீங்க எழுதினதா?"

"நான் எழுதினதுதானுங்க. ஆனா அவன் நடந்து போகலீங்க."

"பிறகு எப்படி நடந்து போனதா எழுதினீங்க?"

அவர் ஐந்தேகால் வண்டியைப் பற்றிச் சொன்னார். ஆறு மணிச் சண்டையை நாலரை மணிக்கு எழுதியதைச் சொன்னார். வாசலில் நின்றவர்கள் முதலில் நம்ப முடியாமல் பார்த்தார்கள், பிறகு சிரித்தார்கள். எத்தனை நாளாக இப்படி என்று அதிகாரி கேட்டார். இரண்டு வருஷமாக என்றார் ஆத்மநாதன். சிரிப்பு இன்னும் கூடியது. அதிகாரி கையமர்த்திவிட்டு, விழுந்த பிறகு அவனைப் பார்த்தீர்களா, பேசினானா என்று கேட்டார்.

இந்த இடத்தில் அவன் பேசவில்லை என்று ஆத்மநாதன் சொல்லியிருக்கலாம். படுதாவுக்கு வெளியே முண்டியவர்கள் காதில் அது விழுந்திருக்காது. ஆனால் இனி பார்த்ததைத்தான் சொல்வது என்று அவர் தீர்மானித்து வந்திருந்தார்.

"பேசினானுங்க. காலு எங்கிட்டுக் கெடக்குன்னு தெரியலைன்னான்."

"நீங்க என்ன செஞ்சீங்க?"

"சிரிச்சேனுங்க."

வாசலில் சத்தம் அடங்கியது. நடிக்கிறான் என்று நினைத்தேன், நன்றாகச் செய்கிறாய் என்று தட்டிக்கொடுத்துவிட்டு வந்தேன் என்று அவர் மீதியையும் சொல்லி முடித்தார். செவந்தி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து, முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டு வெளியே போய்விட்டாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. பேனாவைக் கீழே வைத்தார். "ஒண்ணு அன்னைக்குப் பொய் எழுதியிருக்கீங்க. இல்லேன்னா இன்னைக்குப் பொய் சொல்றீங்க. ரெண்டு வருஷம் பார்க்காததைப் பார்த்ததா எழுதின ஆளோட வார்த்தையை நான் எந்தப் பக்கம் வச்சு எழுதுறது?" என்றார். திங்கட்கிழமை காலை மதுரைப் பயில்வான் ஜன்னலில் சொன்னதை ஆத்மநாதன் சொன்னார். அவனைத் தேடிப் பார்த்தார்கள், கிடைக்கவில்லை. ராக்கன் குடிபோதையில் மடையிலிருந்து தவறி விழுந்து இறந்தான் என்று பதிவாயிற்று. ரெங்கசாமி கூடாரத்தைப் பிரித்துக்கொண்டு வேறு ஊருக்குப் போனான்.

பத்திரிகை ஆபீசிலிருந்து இரண்டு வரிக் கடிதம் வந்தது: அட்டையைத் திருப்பி அனுப்பவும். ஆறு மணிக்குத் தொடங்குகிற சண்டையின் முடிவு ஏழேகாலுக்கெல்லாம் திருச்சியில் எப்படி வந்து இறங்குகிறது என்று இரண்டு வருஷத்தில் ஒரு நாள்கூடக் கேட்காத புண்ணியவான்கள் அவர்கள். ஆத்மநாதன் அட்டையைக் கவரில் போட்டு, அதே ஐந்தேகால் வண்டியில் அதே கண்டக்டரிடம் கொடுத்தார்.

அத்தோடு போயிருந்தால் அவர் செய்ததற்குக் கூலி என்று விட்டுவிடலாம். ஊர் வாயை மூட உலைமூடி ஏது? "ஐந்தேகால் வண்டிச் செய்தி" என்பது புதுக்கோட்டையில் பேச்சு வழக்காகிவிட்டது. எவனாவது புளுகினால், அது ஐந்தேகால் வண்டியில் வந்ததா என்று கேட்பார்கள். அடுத்த மாசி மஞ்சுவிரட்டில் சோலையப்ப அம்பலம் மீசையை நீவிக்கொண்டு, என் செவலையை ராக்கன் பிடித்தான் என்றதும் ஐந்தேகால் வண்டிச் செய்திதான் என்றார். கூட்டம் ஆமாம் என்றது. அன்றைக்கு நேரில் பார்த்தவர்களில் சிலர்கூட, புழுதியில் சரியாகத் தெரியவில்லை என்று இப்போது சொன்னார்கள். ஆத்மநாதன் எழுந்து நின்று, அது மெய், நான் பார்த்தேன் என்றார். சிரித்தார்கள். ஒரு பொய்யை எழுதினவனுக்குத் தண்டனை அவனுடைய மெய்யெல்லாம் சேர்ந்து செத்துப்போவது என்பதை அவர் அன்றுதான் அறிந்துகொண்டார்.

அதற்குப் பிறகும் அவர் போட்டிகளுக்குப் போவதை விடவில்லை. கோட்டுக்கு வெளியே கோலை ஊன்றிக்கொண்டு நிற்பார். தகராறு வந்தால் மட்டும் தலையைக் குனிந்துகொண்டு விலகிப் போய்விடுவார். சூசைமாணிக்கம் மட்டும் வாரம் ஒருமுறை டிக்கெட் ஜன்னலுக்கு வந்து ஏதாவது பேசிவிட்டுப் போவார். குஸ்தியைப் பற்றி இருவரும் வாயைத் திறந்ததில்லை. ஐம்பத்தெட்டிலிருந்து செவந்தி ஒரு நாளும் அந்த ஜன்னல் பக்கம் வரவில்லை. தெருவில் எதிர்ப்பட்டால் ஒதுங்கிப் போவாள்.

அறுபத்தைந்து ஆனியில் ஒரு நாள் அவள் வந்தாள். அதற்குள் தலை நரைத்திருந்தது. இடுப்பில் ஒரு மூட்டை, கையில் துணியில் சுற்றிய ஏதோ ஒன்று. வீட்டைக் காலி செய்துகொண்டு கட்டுமாவடிக்குக் கருவாட்டு வேலைக்குப் போகிறாளாம். இனித் திரும்பி வர மாட்டாளாம். டிக்கெட் கேட்டாள். ஆத்மநாதன் கிழித்துக் கொடுத்தார். அவள் நகரவில்லை. துணியைப் பிரித்து ஜன்னல் பலகைமேல் வைத்தாள். பதின்மூன்று வருஷத்துக்கு முந்திய அந்தக் கண்ணாடிச் சட்டம். காகிதம் பழுத்து மஞ்சளாகிவிட்டிருந்தது.

"இதுவும் பொய்யின்னு சந்தையில சொல்றாங்க. நெசமா இருந்தாக் கையோட எடுத்துட்டுப் போயிருவேன். இல்லேன்னா எதுக்கு வீண் சுமை?" என்றாள்.

"நெசம்தாம்மா. மூணு துள்ளு. எங் கண்ணால பாத்தேன்" என்றார் ஆத்மநாதன்.

அவள் அவர் முகத்தை நிதானமாகப் பார்த்தாள். அதில் பகை ஒன்றும் இல்லை. ஒரு காலத்தில் அவர் எழுதிவிட்டார் என்பதற்காகவே, புருஷன் எந்த வழியாக வந்தான் என்று கேட்டு நின்றவள் அவள்.

"பாத்தவங்க வேற யாராச்சும் இருக்காங்களாய்யா?"

ஆத்மநாதன் யோசித்துப் பார்த்தார். அம்பலம் போன வருஷம் காலமாகிவிட்டார். அவருடைய ஆட்கள் அன்றைக்கே இல்லையென்றவர்கள். சூசைமாணிக்கம் அந்த மஞ்சுவிரட்டுக்கு வரவில்லை. வாடிவாசலில் நின்ற இளவட்டங்களில் பாதிப்பேர் மலாயாவில், மீதிப்பேர் புழுதி என்று சொல்லிக் கழன்றுகொண்டவர்கள்.

"இல்லம்மா" என்றார்.

செவந்தி தலையை ஆட்டிக்கொண்டாள். கட்டுமாவடி வண்டி ஹாரன் அடித்தது. மூட்டையை இடுப்பில் ஏற்றிக்கொண்டு போய் ஏறினாள். சட்டம் ஜன்னல் பலகைமேலேயே இருந்தது. வண்டி சந்தைப்பேட்டை முக்குத் திரும்புகிற வரை ஆத்மநாதன் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு துண்டால் கண்ணாடியைத் துடைத்து அந்த நாலு வரியைப் படித்தார். ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை. அதை நம்புவதற்கு இப்போது அவர் ஒருவர்தான் இருந்தார்.